வாசலில் கட்டணம் இல்லை

சிகாகோவின் உலக இசை விழாவைக் கேட்க டிக்கெட் வேண்டாம். அந்த மேடைக்கு வந்து சேர கலைஞர்கள் கொடுக்கும் விலைதான் ஏறிக்கொண்டே போகிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஏரிக்கரைப் பூங்காக்களைப் பார்த்தபடி நீளும் மிச்சிகன் அவென்யூவில், வாஷிங்டன் தெரு முனையில் இருக்கிறது கலாச்சார மையம். கனத்த சுண்ணாம்புக்கல் சுவர்கள், அகன்ற வளைவு வாசல். வங்கியோ, நீதிமன்றமோ என்று நினைத்து ஒதுங்கிப் போகத் தோன்றும். தோற்றத்துக்கும் உள்ளே நடப்பதற்கும் சம்பந்தமில்லை. யாரும் நுழையலாம். எவரும் டிக்கெட் கேட்பதில்லை.

பளிங்குப் படிகளில் ஏறி மூன்றாவது தளத்துக்கு வந்தால் பிரஸ்டன் பிராட்லி கூடம். தலைக்கு மேலே 38 அடி விட்டத்தில் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம். டிஃபானி நிறுவனத்தின் வேலைப்பாடு. மீன் செதில்போல் அடுக்கிய கண்ணாடித் துண்டுகள் நடுவே ராசிச் சின்னங்கள். சுவர்களில் பச்சையும் தங்கமுமாகப் பதித்த சில்லுகளில் பத்து மொழிகளில் பொன்மொழிகள். ஹீப்ரு, அரபு, சீனம், கிரேக்கம் எல்லாம் அதில் உண்டு. இந்தக் கட்டடம் 1897இல் திறக்கப்பட்டது நகரின் மையப் பொது நூலகமாக.

அந்த நூலகத்தின் பூர்வீகம் ஒரு தண்ணீர்த் தொட்டி. 1871இல் ஏற்பட்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. பரிதாபப்பட்ட இங்கிலாந்துக்காரர்கள், எரிந்துபோன இலவச நூலகத்துக்கு ஈடாக என்று சொல்லி 8,000க்கும் மேற்பட்ட புத்தகங்களைச் சேர்த்து அனுப்பினார்கள். கொடுத்தவர்களில் விக்டோரியா ராணியும் கவிஞர் டென்னிசனும் அடக்கம். இதில் ஒரு வேடிக்கை. சிகாகோவில் அதற்கு முன் இலவசப் பொது நூலகமே கிடையாது. புத்தகங்கள் வந்துவிட்ட பிறகு வேறு வழியில்லை. தீயில் தப்பிய ஓர் இரும்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் அலமாரிகளை அடுக்கி, 1873 ஜனவரி முதல் தேதி நூலகத்தைத் திறந்தார்கள்.

1991இல் நூலகம் வேறு கட்டடத்துக்கு முழுமையாக மாறியது. ஆனால் காசு கேட்காமல் கொடுக்கும் பழக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. புத்தகத்துக்குப் பதில் இசை.

1999இல் மாநகராட்சியின் கலாச்சாரத் துறை 'உலக இசை விழா'வைத் தொடங்கியது. செப்டம்பர் வாக்கில் நடக்கும் இந்த விழாவுக்கு, 80க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து கலைஞர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஒரே மைதானத்தில் வேலி கட்டி நடத்தும் விழா அல்ல இது. கலாச்சார மையம், எதிரே உள்ள மில்லேனியம் பூங்கா, ஊர்ப்புறப் பூங்காக்கள், இசைக்கூடங்கள், இரவு விடுதிகள் என்று நகர் முழுவதும் சிதறிக் கிடக்கும். தொடக்க ஆண்டுகளில் சில நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் இருந்தது. பிறகு எல்லாமே இலவசம்.

பூங்காவின் பிரிட்ஸ்கர் அரங்கில் 4,000 நாற்காலிகள். பின்னால் புல்வெளியில் இன்னும் 7,000 பேர் உட்காரலாம். பக்கத்திலேயே மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் பளபளக்கும் எஃகுச் சிற்பம். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பீன்'. அவரைக்கொட்டை. அதில் தங்கள் முகத்தைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகள், எங்கிருந்தோ கேட்கும் டோலக் சத்தத்தை விசாரித்துக்கொண்டு புல்வெளிக்கு வந்து உட்கார்ந்துவிடுவதுண்டு. இலவச விழாவின் ரகசியம் இதுதான். மாலி நாட்டின் கோரா வாத்தியம் பற்றித் தெரியாதவர் அதற்கு 40 டாலர் கொடுத்து டிக்கெட் வாங்க மாட்டார். வழியில் கேட்டால் நின்று பார்ப்பார்.

கூண்டும் மேடையும்

உலகின் இசையை சிகாகோ தன் ஊருக்கு வரவழைத்தது இது முதல் தடவை அல்ல. 1893இல் கொலம்பஸ் நினைவு உலகக் கண்காட்சி இங்கே நடந்தது. இந்தியர்களுக்கு அது விவேகானந்தரின் ஆண்டு. கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வசமய மாநாட்டில் செப்டம்பர் 11 அன்று அவர் பேசிய கட்டடம் இன்று கலைக் காட்சியகமாக இருக்கிறது. கலாச்சார மையத்திலிருந்து சில நிமிட நடை.

அதே கண்காட்சியில் 'மிட்வே' என்ற கேளிக்கைப் பகுதியில் வேறொரு காட்சி நடந்தது. ஜாவா கிராமம், எகிப்துத் தெரு, ஆப்பிரிக்காவின் டஹோமி கிராமம். அங்கிருந்து அழைத்து வரப்பட்ட ஆண்களும் பெண்களும் 'அசல்' குடிசைகளில் வாழ்ந்து, ஆடிப் பாடிக் காட்ட வேண்டும். கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் 50 சென்ட். மிட்வேயின் வேடிக்கைகளுக்குத் தனிக் கட்டணம். அடிமையாகப் பிறந்து விடுதலைப் போராளியான ஃபிரடெரிக் டக்ளஸ், கறுப்பினத்தவரை விநோத ஜந்துக்களாகக் காட்டத்தான் டஹோமி கிராமம் என்று குமுறினார்.

அங்கேயும் ஒருவர் இசையைக் காது கொடுத்துக் கேட்டார். பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்ற ஆய்வாளர், ஜாவாக்காரர்களும் துருக்கியரும் கனடாவின் பூர்வகுடிகளும் பாடியதையும் வாசித்ததையும் சுமார் 100 மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். ஜாவாவிலிருந்து வந்த கேமலான் வாத்தியங்கள் நகரின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் தங்கிவிட்டன. பல பத்தாண்டுகள் கழித்து அவற்றைப் பழுது பார்த்து, சிகாகோவாசிகளே வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1893க்கும் 1999க்கும் உள்ள தூரத்தை இங்கே அளக்கலாம். அன்று பார்வையாளர் காசு கொடுத்தார், கலைஞர் காட்சிப் பொருளானார். இன்று பார்வையாளர் காசு கொடுப்பதில்லை. கலைஞர் பெயரோடும் ஒப்பந்தத்தோடும் சம்பளத்தோடும் வருகிறார்.

பெயரில் என்ன

'உலக இசை' என்ற பெயரே ஒரு கடைக்காரர் ஏற்பாடு. 1987 கோடையில் லண்டனின் ஒரு மதுக்கடை மாடியில் சிறு இசைத்தட்டு நிறுவனத்தினர் கூடினார்கள். செனகல் பாடகரின் இசைத்தட்டையும் பல்கேரியப் பெண்கள் பாடும் இசைத்தட்டையும் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்பது பிரச்னை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு 'வேர்ல்ட் மியூசிக்' என்று அட்டை மாட்டினார்கள். வியாபாரம் சூடு பிடித்தது. எதிர்ப்பும் வந்தது. சிகாகோ விழா தொடங்கிய அதே 1999இல், பாப் இசைக் கலைஞர் டேவிட் பைர்ன் இந்தப் பெயரையே வெறுப்பதாக நியூயார்க் டைம்ஸில் எழுதினார். மேற்கத்திய பாப் இசையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு மூலையில் தள்ளும் உத்தி என்பது அவர் வாதம்.

கிராமி விருதுக் குழுவும் 2020இல் மனம் மாறியது. காலனி ஆதிக்க வாடை வீசுகிறது என்று சொல்லி 'வேர்ல்ட்' என்பதை எடுத்துவிட்டு 'குளோபல்' என்று போட்டது. தமிழில் எழுதினால் இரண்டும் 'உலக இசை'தான்.

இந்தப் பெயர் மாற்றத்தின் இரு பக்கமும் ஒரு சென்னைக் குடும்பம் இருப்பது சுவாரஸ்யம். உலக இசைக்கான முதல் கிராமி விருதை 1992இல் வென்றது மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்'. அதில் கடம் வாசித்தவர் டி.எச். விநாயக்ராம். 2024இல் புதிய பெயரில் அதே விருதை 'சக்தி' குழுவின் 'திஸ் மொமென்ட்' பெற்றது. அதில் வாசித்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். பெயரைப் பற்றி மேற்கே விவாதம் நடந்துகொண்டிருக்கையில் தந்தை கற்றுக்கொடுத்துவிட்டார், மகன் வாசித்துவிட்டார்.

விடிய விடிய

விழாவில் இந்தியர்கள் அதிகம் பேசுவது 'ராகமாலா' பற்றி. 2013இல் தொடங்கிய இந்த நிகழ்ச்சி அந்தி சாயும் நேரத்தில் ஆரம்பித்து, இரவு முழுவதும் நீண்டு, மறுநாள் காலையில்தான் முடியும். சுமார் 14 மணி நேரம். ஹிந்துஸ்தானியும் கர்நாடக இசையும் மாறி மாறி. இந்தியாவிலிருந்து வரும் வித்வான்களும் அமெரிக்காவில் வாழும் கலைஞர்களும் ஒரே பட்டியலில். இடம் அதே பிரஸ்டன் பிராட்லி கூடம். விரிப்பும் தலையணையுமாக வந்து தரையில் இடம் பிடிப்பவர்கள் உண்டு. கட்டணம்? கிடையாது.

அமெரிக்காவில் இந்திய இசைக்குப் பஞ்சமில்லை. கிளீவ்லாண்டில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. சிகாகோவைச் சுற்றிலும் கோயில்கள், அவற்றில் கச்சேரிகள். ஆனால் அவை பெரும்பாலும் சமூகத்தவர் தமக்குள் நடத்திக்கொள்பவை. ராகமாலாவில் தரையில் உட்கார்ந்திருப்பவர்களில் வீணையை முதல்முறையாகப் பார்ப்பவரும் உண்டு, ஸ்வரம் தப்பினால் முகம் சுளிப்பவரும் உண்டு. நகரின் பொதுக் கட்டடம் என்பதால் இருவருக்கும் சம உரிமை.

இரவு முழுவதும் என்பது வெறும் பகட்டல்ல. ஹிந்துஸ்தானி இசையில் ராகத்துக்கு நேரம் உண்டு. நள்ளிரவுக்கு மால்கௌன்ஸ், விடியலுக்கு லலித், காலைக்குத் தோடி. கர்நாடக மரபிலும் பூபாளமும் பௌளியும் அதிகாலைக்கு உரியவை. ஆனால் கச்சேரிகள் மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையே அடங்கிவிட்ட பிறகு, விடியற்காலை ராகங்கள் விடியற்காலையில் ஒலிப்பது அபூர்வமாகிவிட்டது. இந்தியாவிலேயே நிலைமை அதுதான். பீம்சேன் ஜோஷி 1953இல் தொடங்கிய புனேயின் சவாய் கந்தர்வ விழா ஒரு காலத்தில் விடிய விடிய நடந்தது. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற ஒலி மாசு விதிகள் அதைச் சுருக்கின. கூரையுள்ள அரங்கில் நடப்பதால் கொல்கத்தாவின் டோவர் லேன் மாநாடு இரவு நிகழ்ச்சியாகத் தாக்குப் பிடிக்கிறது. டோவர் லேனில் தூங்கி வழிந்தபடி கேட்டு வளர்ந்த ஒரு வங்காளிக்கு சிகாகோவின் இந்தக் கூடம் அந்நியமாக இருக்காது.

இங்கே இன்னொரு வசதி உண்டு, கூரையில். 1930களில் குவிமாடத்தின் வெளிப்புறத்தை மூடிவிட்டார்கள். உள்ளே மின்விளக்குதான். 2008இல் குவிமாடத்தைச் சுத்தம் செய்து, வெளி மூடியை ஒளி ஊடுருவும்படி மாற்றிய பிறகே மீண்டும் சூரிய வெளிச்சம் உள்ளே வந்தது. ராகமாலாவின் கடைசிக் கலைஞர் காலை ராகத்தை எடுக்கும்போது தலைக்கு மேல் கண்ணாடி வெளுக்கிறது. நேரம் என்ன என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

யார் கொடுக்கிறார்கள்

இலவசம் என்றால் யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சிகாகோவில் இந்த வழக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் தொழிற்சங்கத் தலைவர். பொருளாதார மந்தம் கடித்துக் குதறிய 1935இல், இசைக் கலைஞர்கள் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ கிராண்ட் பார்க்கில் இலவசக் கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்தார். நோக்கம் ஜனங்களை மகிழ்விப்பது மட்டுமல்ல. வேலையில்லாமல் தவித்த வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கிடைக்க வேண்டும். கேட்பவருக்கு இலவசம், வாசிப்பவருக்குக் கூலி. இன்றுவரை சிகாகோவின் கணக்கு இதுதான்.

மாநகராட்சியின் கலாச்சாரத் துறைக்குப் பெரும்பகுதிப் பணம் ஹோட்டல் வரியிலிருந்து வருகிறது. நகரில் ஓர் இரவு தங்கும் வியாபாரியோ சுற்றுலாப் பயணியோ அறை வாடகையோடு கட்டும் வரியில் ஒரு துளி, சூடானியப் பாடகரின் மைக்குக்குப் போகிறது. அவருக்கே தெரியாமல் அவர் ஒரு புரவலர். நல்ல ஏற்பாடு. ஆனால் ஹோட்டல்கள் காலியானால் கஜானாவும் காலி. 2020இல் கோவிட் வந்தபோது ஹோட்டல்களும் மேடைகளும் ஒரே நேரத்தில் இருண்டன.

பணத்தட்டுப்பாட்டில் 'இலவசம்' மீதுதான் முதலில் கை விழும். நகரின் பெரிய விழாக்களைத் தனியாரிடம் விடலாமா என்று 2010இல் மாநகராட்சி யோசித்தது. வந்த திட்டத்தில் நுழைவுக் கட்டணமும் இருந்தது. மேயர் ரிச்சர்ட் டேலி அதை ஏற்கவில்லை என்றாலும் துறைகளை இணைக்கும் வேலை நடந்தது. 1989 முதல் கலாச்சாரத் துறையை நடத்திவந்த லோயிஸ் வைஸ்பெர்க், தன்னைக் கேட்காமல் எடுத்த முடிவுகளை எதிர்த்து 2011 தொடக்கத்தில் பதவியை உதறினார். சிகாகோவின் இலவச புளூஸ் விழாவுக்கும் உலக இசை விழாவுக்கும் அடித்தளம் போட்டது அவருடைய தலைமைதான். அப்போது அவருக்கு வயது 85. விழா பிழைத்தது. வாசலில் டிக்கெட் கவுன்டர் முளைக்கவில்லை.

'தனித்துவம்' நிரூபிக்க

நகரம் தன் வாசலைக் காப்பாற்றிவிட்டது. நாட்டின் வாசல் வேறு விஷயம்.

வெளிநாட்டு நாட்டுப்புறக் கலைஞர் அமெரிக்காவில் வாசிக்க 'பி-3' என்ற விசா உண்டு. தங்கள் கலை 'பண்பாட்டுத் தனித்துவம்' கொண்டது என்று நிரூபிக்க வேண்டும். நிபுணர்களின் கடிதங்கள், பத்திரிகை விமர்சனங்களின் மொழிபெயர்ப்பு, அமெரிக்கத் தொழிற்சங்கத்தின் கருத்து எல்லாம் வேண்டும். மனு போடுவது கலைஞர் அல்ல. அழைக்கும் அமெரிக்க நிறுவனமோ ஏஜென்டோதான். மனு தேறிய பிறகு கலைஞர் தன் நாட்டிலுள்ள தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்க வேண்டும்.

தனித்துவம் என்றால் என்ன? அர்ஜென்டினாவிலிருந்து ஒரு குழு. யூதர்களின் கிளெஸ்மர் இசையை லத்தீன் அமெரிக்கத் தாளங்களோடு கலந்து வாசிப்பவர்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்கர்பால் மையம் இவர்களுக்காகப் போட்ட மனுவைக் குடியேற்றத் துறை நிராகரித்தது. கலப்பு இசைக்கு எங்கே தனித்துவம் என்பது கேள்வி. மேல்முறையீட்டில் 2012இல்தான் தீர்ப்பு மாறியது. இரு பண்பாடுகள் கலந்து பிறந்த இசையும் தனித்துவமானதுதான் என்று முன்மாதிரித் தீர்ப்பு வந்தது. புலம்பெயர்ந்தவர்கள் கட்டிய நாட்டில் இதைச் சொல்ல ஒரு வழக்கு தேவைப்பட்டது.

கட்டணமும் ஏறியது. 2024 ஏப்ரலில் இந்த மனுவுக்கான கட்டணம் 460 டாலரிலிருந்து 1,015 டாலராயிற்று. லாப நோக்கில்லாத, சிறிய அமைப்புகளுக்கு 510. ஒரு மனுவில் 25 பேர் வரைதான். ஒலிப் பொறியாளர் போன்ற உதவியாளர்களுக்குத் தனி மனு, தனிக் கட்டணம். அவசரம் என்றால் 2024இல் மேலும் 2,805 டாலராக இருந்தது. இது போக, 2023 முதல் தூதரகத்தில் தலைக்கு 205 டாலர். ஆறு பேர் கொண்ட குழு என்றால் அதுவே 1,230 டாலர், விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். பிறகு கச்சேரிச் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரிப் பிடித்தம்.

இதனால்தான் எந்தக் குழுவும் சிகாகோவுக்காக மட்டும் வருவதில்லை. செப்டம்பரில் அருகிலுள்ள மேடிசன், புளூமிங்டன் நகரங்களிலும் உலக இசை விழாக்கள் நடக்கின்றன. ஒரே விசாவில் மூன்று நான்கு ஊர்களில் வாசித்தால் செலவு பங்கிடப்படும். ஒரு கச்சேரி கழன்றால் முழுப் பயணமும் ஆட்டம் காணும்.

எவ்வளவு புகழ் இருந்தாலும் கதவு சாத்தப்படலாம். கியூபாவின் இப்ராஹிம் ஃபெரர் 2004இல் கிராமி விருது பெற வரவிருந்தபோது அமெரிக்கா விசா மறுத்தது. அவருக்கு அப்போது வயது 76. 2025 ஜூனில் 12 நாடுகளின் குடிமக்கள் நுழைய அமெரிக்கா பெரும்பாலும் தடை போட்டது. அந்தப் பட்டியலில் ஈரான், சூடான், சோமாலியா, ஹைட்டி இருந்தன. கமான்சே முதல் ஊத் வரை, உலக இசை விழாக்களின் ரத்தமும் சதையுமான நாடுகள்.

கேட்க வருபவர்களுக்கும் பயம் வந்துவிட்டது. சிகாகோவாசிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். காந்தியின் பெயரும் ஜின்னாவின் பெயரும் ஒரே தெருவின் வெவ்வேறு பகுதிகளுக்குச் சூட்டப்பட்டிருக்கும் டெவன் அவென்யூ இந்த நகரில்தான் இருக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய குடியேற்றத் துறையின் வேட்டை இங்கே தொடங்கியது. மெக்சிகோவின் விடுதலை நாளையொட்டி கிராண்ட் பார்க்கில் நடக்கவிருந்த 'எல் கிரிட்டோ' விழாவை, வருபவர்களின் பாதுகாப்பை எண்ணி அமைப்பாளர்கள் தள்ளிவைத்தார்கள். திறந்தவெளியில் கூட்டமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பதே சிலருக்கு ஆபத்தான காரியமாயிற்று. அரசாங்கம் அந்த வேட்டைக்கு வைத்த பெயர் 'மிட்வே பிளிட்ஸ்'. 1893இல் உலகத்தாரைக் கூண்டில் வைத்துக் காட்டிய தெருவின் பெயரும் மிட்வே.

பிரஸ்டன் பிராட்லி கூடத்தின் சுவரில் அரபும் ஹீப்ருவும் சீனமும் எழுதியவர்களுக்கு, அந்த மொழிகளைப் பேசுகிறவர்கள் நேரில் வந்து பாடுவார்கள் என்ற எண்ணம் இருந்ததா என்று தெரியாது. 1999க்குப் பிறகு அவர்கள் வந்தார்கள். கீழே வாசலில் கட்டணம் கேட்காமல் இருக்க மாநகராட்சியால் முடிந்தது, இனியும் முடியும். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டும் அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பது மாநகராட்சி அல்ல.